கையில் கட்டினால் காலைப் பற்றி என்ன தெரியும்?

விலையைக் குறைத்துவிட்டார்களாம், மாமியாருக்கு வாங்கலாமா என்று தோழி கேட்டாள். அம்மா மணிக்கட்டில் கட்டியிருக்கும், காலடியையும் உட்கார்ந்த நேரத்தையும் கணக்கிடும் அதே கைப்பட்டைதான். அறுந்துபோன வாரைப் போன வாரம்தான் மாற்றிக் கொடுத்தேன், அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

பேட்டரி நிற்கிறது, கனமில்லை, பாத்திரம் கழுவும்போதும் கழற்ற வேண்டாம். ஆனால் அம்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறார் என்று பார்க்கத்தான் வாங்கினோம். அதைத்தான் இது தப்பாகச் சொல்கிறது.

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு அம்மா டிராலி தள்ளிக்கொண்டுதான் போவார். இரண்டு கையும் பிடியில் வீசாமல் இருக்கும். மீன் கடைகளைச் சுற்றிவிட்டுக் காய்கறிப் பக்கம் திரும்பும்போது மணிக்கட்டில் அதிர்வு: 'எழுந்து கொஞ்சம் நடங்கள்!' நடந்துகொண்டிருக்கும் எழுபது வயதுக்காரரிடம் சொல்கிற பேச்சா இது? அதே அம்மா சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினால் காலடிக் கணக்கு ஏறுகிறது.

உட்கார்ந்திருக்கிறோமா நிற்கிறோமா என்பது தொடையில்தான் தெரியும். ஆய்வாளர்கள் ஆக்டிவ்பால் என்ற சின்னக் கருவியைத் தொடையின் முன்பக்கம் ஒட்டுவது அதற்காகத்தான். தொடை கிடையாக இருந்தால் உட்கார்ந்திருக்கிறார், நேராக இருந்தால் நிற்கிறார். இடுப்பில் கட்டும் கருவிகளில், அசைவுக் கணக்கு நிமிடத்துக்கு 100க்குக் கீழே போனால் உட்கார்ந்த நேரம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதிலும் அடுப்படியில் அசையாமல் நின்று தோசை சுடுகிறவர் உட்கார்ந்தவர் ஆகிவிடுவார். மெதுவாக நடக்கும் வயதானவர்களிடம் இந்தத் தவறு இன்னும் கூடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கொடுத்த வழிகாட்டுதல்கூட உட்காரும் நேரத்தைக் குறையுங்கள் என்கிறதே தவிர, இத்தனை மணி நேரம் என்று வரம்பு போடவில்லை. இந்தப் பட்டை ஒரு எண்ணைக் காட்டிச் சிவப்பு வேறு பூசுகிறது. அதைப் பார்த்து அம்மா முகம் வாடியபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஒரு நல்லதையும் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தொடர் நாடகம் பார்க்கும் நேரம் மட்டும் அசைவே இல்லாமல் வெறிச்சென்று கிடப்பதை பட்டை காட்டும் மணிவாரி வரைபடத்தில் அம்மாவே கண்டுபிடித்தார். இப்போது விளம்பரம் போட்டால் எழுந்து தாழ்வாரக் கோடி வரை போய் வருகிறார். யாரும் சொல்லவில்லை. முழங்கால் பிடிப்பும் குறைந்திருக்கிறது என்கிறார். இதற்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனாலும் தோழியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் மாமியார் நடைச்சட்டம் பிடித்து நடப்பவர். பாவம், அவர் நாள் முழுக்க நடந்தாலும் இது உட்கார்ந்திருந்தார் என்றே எழுதிவைக்கும்.