ஒரே மடிக்கணினி, ஐந்து லினக்ஸ் வழங்கல்கள்: ஏழாண்டு அனுபவம்

4 ஜிபி நினைவகம் கொண்ட என் மடிக்கணினியில் 2018-இல் உபுண்டு 18.04-ஐ நிறுவினேன். அன்றுமுதல் இன்றுவரை ஐந்து லினக்ஸ் வழங்கல்களை (லினக்ஸ் அடிப்படையிலான முழு இயங்குதளத் தொகுப்புகளை) அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். பென்டிரைவில் இட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாமே அழகாகத்தான் தெரிகின்றன. ஒன்றுடன் ஓராண்டாவது புழங்கிய பின்னரே, தோற்றத்தைவிட அது இற்றைப்படுத்தல்களை எந்த வேகத்தில் தருகிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது.

உபுண்டுவின் திரைத்தோற்றத்தையும் பட்டிகளையும் தரும் க்னோம் மேசைச்சூழல் என் சிறிய நினைவகத்துக்குச் சற்றுப் பளுவாக இருந்ததால் லினக்ஸ் மின்ட்டுக்கு மாறினேன். புதிதாக வருவோருக்கு இன்றும் நான் முதலில் சொல்வது மின்ட்தான். இற்றைப்படுத்தலுக்கு முன் கணினியின் நிலையைப் பதிந்துவைத்து, சிக்கல் வந்தால் பழைய நிலைக்கே மீட்டுத்தரும் டைம்ஷிஃப்ட் அதனுடனேயே வருகிறது.

அதன் அருமை அடுத்த வழங்கலில்தான் தெரிந்தது. பதிப்பு எண் என்று ஒன்றில்லாமல் புதிய பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும் வகையைச் சேர்ந்தது அது. இரண்டு மாதம் தொடாமல் வைத்திருந்து, அறிவிப்புகளைப் படிக்காமல் மொத்தமாக இற்றைப்படுத்தினேன். மறுமுறை கணினியை இயக்கியபோது கறுப்புத் திரைதான் வந்தது. பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கி, இயங்குதளத்தின் கருவான கர்னலின் பழைய பதிப்பைத் திரும்ப நிறுவி முடிக்க ஓர் இரவு ஆனது. வாரந்தோறும் கவனிக்க நேரம் உள்ளவர்களுக்கு ஏற்ற முறை அது.

ஃபெடோராவில் ஒன்றரை ஆண்டு இருந்தேன். நினைவகத்திலேயே தரவைச் சுருக்கிவைக்கும் இசட்ரேம், ஃபெடோராவின் 33-ஆம் பதிப்பிலிருந்து அதில் இயல்பாகவே இயங்குவதால், என் கணினிக்கு நல்ல ஆறுதல் கிடைத்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாத ஆதரவு என்ற ஓட்டம் எனக்கு ஒத்துவரவில்லை.

இத்தனை மாற்றங்களிலும் என் கோப்புகள் தப்பியதற்குக் காரணம், பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியை வட்டில் தனிப் பார்ட்டிஷனாகப் பிரித்து வைத்திருந்ததே. இதில் ஒரு நுட்பம் உண்டு. அதே பயனர் பெயரைத் தொடர்ந்தால், முந்தைய மேசைச்சூழலின் மறைவான அமைப்புக் கோப்புகள் புதியதோடு மோதி, எழுத்துருவும் சின்னங்களும் குழம்பிவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு முறையும் புதிய பெயர் கொடுத்தேன். நான் பயன்படுத்திய வழங்கல்கள் அனைத்தும் முதல் பயனருக்கு, கோப்பின் உரிமையாளரை அடையாளம் காட்டும் 1000 என்ற எண்ணையே அளித்ததால், பெயர் மாறியும் பழைய கோப்புகளின் உரிமை மாறவில்லை. தமிழ்99 தட்டச்சுக்கும் எல்லாவற்றிலும் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு உள்ளீட்டுப் பொதிகளே போதுமாக இருந்தன. விரல்கள் புதிதாக எதையும் பழக வேண்டியிருக்கவில்லை.

டெபியன் 10-ஐ ஒருமுறை முயன்றபோது, வைஃபை சில்லை இயக்கத் தேவையான நிலைபொருள் (ஃபர்ம்வேர்) நிறுவியில் இல்லாததால் கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்துத்தான் இணையம் பெற்றேன். அத்தகைய நிலைபொருளையும் அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்ப்பதென்று 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்தனர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் வைஃபை தானாகவே இயங்கியது. எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழலுடன் அதிலேயே தங்கிவிட்டேன். 2025 ஆகஸ்டில் 13-ஆம் பதிப்பு வெளிவந்தபின், பொதிமூலப் பட்டியலில் புக்வார்ம் (12-இன் குறிப்பெயர்) என்றிருந்ததை ட்ரிக்சி (13-இன் குறிப்பெயர்) என மாற்றி ஒரே மாலையில் மேம்படுத்தினேன். மறுநாள் காலை வழக்கம்போல் அதில்தான் எழுத உட்கார்ந்தேன்.