கரண்ட் கேட்காத பெட்டி

வேலை இடத்தில் இதற்கு நாங்கள் சொல்லும் பெயர் 'பார்'. ஒருமுறை வீட்டிலிருந்து போன் வந்தபோது "பார்ல வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு அன்றிரவு நான் பட்ட பாடு தனிக்கதை. முழுப்பெயர் பாசிவ் ஆட்டோகேட்டலிடிக் ரீகம்பைனர். விபத்தில் சேரும் ஹைட்ரஜனைக் கரண்ட் இல்லாமலே நீராவியாக்கிவிடும் பெட்டி. அணு உலையின் கன்டெயின்மென்ட்டுக்குள், அதாவது உலையைச் சுற்றியுள்ள காற்றுப்புகாத பாதுகாப்புக் கூட்டுக்குள், சுவரில் மாட்டியிருக்கும். பன்னிரண்டு வருடமாக, பராமரிப்புக்காக உலையை நிறுத்தும் ஷட்டவுனுக்கு ஷட்டவுன் இதன் பிளேட்டுகளைக் கழற்றி, சோதித்து, திருப்பி மாட்டுகிறவன் நான்.

பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மேலும் கீழும் காற்றுப் போக வழிவிட்ட எஃகுப் பெட்டி, அவ்வளவுதான். அடியில் உள்ள டிராயரை இழுத்தால், நோட்டுப் புத்தகங்களை நிற்க வைத்தாற்போல் மெல்லிய பிளேட்டுகள். மேலே பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு. மோட்டார், ஒயர், சுவிட்ச் எதுவும் கிடையாது.

உலையில் குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் போய் எரிபொருள் உறையின் சூடு 1,200 டிகிரியை நெருங்கினால், அதிலுள்ள ஜிர்கோனியம் நீராவியின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே விடும். ஒரு கிலோ ஜிர்கோனியத்துக்கு 44 கிராம்தான். ஆனால் 20 டன் வினைபுரிந்தால் 880 கிலோ. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தாண்டினால் பற்றிக்கொள்ளும். நம் பெட்டி 2 சதவீதத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடும். பூச்சின் மேல் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராவியாகும், பிளேட் சூடாகும், சூடான காற்று மேலே போகும், அந்த இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று வரும். புகைபோக்கி மாதிரி தானே இழுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் ஐஸ் கண்டன்சர் வகை (விபத்தில் வரும் நீராவியைப் பனிக்கட்டியால் குளிர்விக்கும்) நிலையங்களில் இக்னைட்டர் வைத்திருக்கிறார்கள். டீசல் வண்டியின் ஹீட்டர் பிளக் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்போதே கொளுத்திவிடும். நல்ல யோசனைதான், ஆனால் கரண்ட் வேண்டும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் முதலில் போனதே கரண்ட்தான். அங்கே கன்டெயின்மென்ட்டுக்குள் நைட்ரஜன் நிரப்பியிருந்ததால் உள்ளே வெடிக்கவில்லை. கசிந்து கட்டடத்தின் மேல்தளத்தில் சேர்ந்த ஹைட்ரஜன்தான் 12ஆம் தேதி முதல் அலகின் கூரையைப் பிய்த்தது. உலைக்குள் எரிபொருளே இல்லாத 4ஆம் அலகின் கட்டடமும் 15ஆம் தேதி வெடித்தது. 3ஆம் அலகின் ஹைட்ரஜன் குழாய் வழியாக அங்கே போயிருந்தது. நம் கூடங்குளம் முதலிரண்டு அலகுகளில் இந்த ரீகம்பைனர்கள் வடிவமைப்பிலேயே உண்டு.

சரி, குறைகள். வேகம் போதாது. 4 சதவீத ஹைட்ரஜனில் பெரிய பெட்டி ஒன்று மணிக்கு ஐந்து கிலோ எரித்தாலே அதிகம். அதனால்தான் ஒன்றிரண்டு போதாமல் டஜன் கணக்கில் மாட்டுகிறார்கள். ஹைட்ரஜன் ரொம்பவும் சேர்ந்துவிட்டால், பழுக்கச் சூடான பிளேட்டே தீக்குச்சி ஆகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

என்னை அதிகம் அலைக்கழித்தது பெயிண்ட். ஒரு ஷட்டவுனில் பக்கத்துத் தளத்தில் பெயிண்ட் அடிப்பதாக யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பெட்டிகளுக்கு உறை போடவில்லை. அப்புறம் நாலு பிளேட் எடுத்துச் சோதனைக் கூண்டில் வைத்து, ஹைட்ரஜன் கலந்த காற்றை விட்டோம். மூன்று சரசரவென்று சூடாயின. நாலாவது அசையவே இல்லை. தின்னர் ஆவி பூச்சின் மேல் உட்கார்ந்துவிட்டது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, மோந்து பார்த்தாலும் வாசனை இல்லை.

அடுப்பில் வைத்து வறுத்தெடுத்து மறுநாள் திரும்ப வைத்தோம். கொஞ்ச நேரம் சூடு காட்டும் முள் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு மெல்ல ஏறியது. வெளியேறும் பக்கத்துக் கண்ணாடியில், மூச்சு விட்டாற்போல் ஈரம் படிந்தது. அன்று சாயங்காலமே அதை டிராயரில் சொருகிவிட்டோம்.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரை நட்சத்திரத்தை பெயிண்ட் வாளிக்காகப் பிடித்துக்கொண்டேன்.