வேலியைப் பிடித்து வீட்டுக்கு நடந்தவர்கள்

பிலிப் நாய்ஸ் இயக்கி 2002இல் வெளிவந்த ‘ராபிட் புரூஃப் ஃபென்ஸ்’ திரைப்படத்தைக் கேரளத்தின் அட்டப்பாடி அகளியில், எங்கள் வாசகசாலை நடத்திய திரையிடலில் மலையாள அடிவரிகளுடன் பார்த்தேன். ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்ணான டோரிஸ் பில்கிங்டன் கரிமாரா, தம் தாய் மாலியின் சிறுவயதைக் குறித்து எழுதிய நூலே இதற்கு அடிப்படை. ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும் இந்தப் படத்தைப் பெற்றோரும் ஆசிரியர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கதை 1931இல், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜிகலாங்கில் தொடங்குகிறது. மாலி, அவள் தங்கை டெய்சி, உறவுக்காரச் சிறுமி கிரேசி ஆகிய மூவருக்கும் தாய் பழங்குடி. தந்தை, முயல்களைத் தடுக்கும் நெடுவேலியின் வேலைக்கு வந்த வெள்ளையர். இந்தக் கலப்புப் பிறப்பு ஒன்றையே காரணமாக்கி, காவலர் ஒருவர் அவர்களைத் தாய்மாரின் கையிலிருந்து பிடுங்கிக் காரில் ஏற்றுகிறார். கண்ணாடிக்கு உள்ளே குழந்தைகள் கதற, வெளியே பாட்டி கல்லால் தன் தலையில் அடித்துக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்களில் அரங்கில் ஒருவரும் அசையவில்லை.

‘பழங்குடிகளின் தலைமைக் காப்பாளர்’ என்னும் பதவியில் இருந்த ஏ. ஓ. நெவிலைக் கொடூரனாகச் சித்திரிக்காததே இப்படத்தின் பெரிய பலம் என்பேன். கென்னத் பிரானா நடித்திருக்கும் அந்த அதிகாரி குரலை உயர்த்துவதே இல்லை. பழங்குடி இரத்தம் மூன்றாம் தலைமுறையில் எப்படி மறைந்துபோகும் என்பதைப் படங்காட்டி, சீமாட்டிகளுக்குப் பொறுமையாக விளக்குகிறார். பிடுங்கிவந்த குழந்தைகளை வைத்திருக்கும் மூர் ரிவர் குடியிருப்பில் மாலியை வரிசையிலிருந்து அழைத்து, அவள் சட்டைக்குள் முதுகின் நிறத்தைப் பார்க்கிறார். தாம் நன்மையே செய்வதாக அவர் மனமார நம்புவதால்தான், கோப்பும் கையெழுத்துமாக நடக்கும் இனவெறி இத்தனை அச்சமூட்டுகிறது.

தப்பிக்கும் மூன்று சிறுமிகளும் அந்த வேலியையே வழியாகக் கொண்டு வடக்கே நடக்கிறார்கள். படம் தரும் கணக்கில் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர், ஒன்பது வாரம். வழியில் மாலி கம்பியைப் பற்றி நிற்க, நெடுந்தொலைவில் அவள் தாயும் அதே கம்பியைப் பற்றி நிற்கும் காட்சியைப் படத்தின் உயிர் எனலாம். அவர்களைத் தேடும் தடங்காணியாக டேவிட் கல்பிலில் அதிகம் பேசாமலே மனத்தில் நின்றுவிடுகிறார். கதையில் அந்தத் தடங்காணியின் மகளும் மூர் ரிவர் குடியிருப்பில்தான் இருக்கிறாள்.

அட்டப்பாடியில் இருந்துகொண்டு இதை அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் தாத்தாக்கள் மலையேறி வந்த காலத்தில் இருளரும் முடுகரும் குறும்பரும் இங்கே நிலத்தோடு இருந்தார்கள். கைமாறிய பழங்குடி நிலத்தை மீட்டுத்தரக் கேரளம் 1975இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் பழங்குடிக்கு எது நல்லது என்பதைப் பழங்குடியைக் கேட்காமலே முடிவுசெய்யும் வழக்கம் இங்கும் உண்டு.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மாலி வளர்ந்து தாயான பிறகு மீண்டும் மூர் ரிவருக்குக் கொண்டுபோகப்பட்டதையும், கைக்குழந்தை அனபெல்லைச் சுமந்து மறுபடியும் தப்பி வந்ததையும், அந்தக் குழந்தையையும் பின்னர் பறிகொடுத்துக் கடைசிவரை காணாமலே போனதையும் படம் இறுதியில் சில வாக்கியங்களில் கடந்துவிடுகிறது. முதல் நடையைவிடக் கனமான அந்தத் துயரத்துக்கு இன்னும் இடம் தந்திருக்க வேண்டும்.

திரையிடலில் ஒலியும் படமும் தெளிவாகவே இருந்தன. அடிவரிகள்தாம் வேகமாக ஓடின. மலையாளம் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டே பார்த்தார்கள். அடுத்த முறை இருளர் ஊர்களிலேயே திரையிட்டு, உரையாடலைத் தமிழிலும் இருளர் மொழியிலும் உரக்கச் சொல்ல ஒருவரை அமர்த்தும்படி வாசகசாலையைக் கேட்டுக்கொள்கிறேன்.