கம்பெனி சிப்பாயின் வம்சத்தைத் தேடுகிறவர்களுக்கு: ஃபிபிஸ் இணையதளம்

எங்கள் அம்மாச்சி வழியில் ஒரு வெள்ளைக்காரர் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் பீரங்கிப் படையில் கன்னர், அதாவது பீரங்கி சுடும் சிப்பாய். பரங்கிமலையில் இருந்தார், சீமைக்குத் திரும்பவே இல்லை. வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான். இப்படி அரைகுறைத் தகவலோடு இருப்பவர்கள் முதலில் போகவேண்டிய இடம் ஃபிபிஸ் (FIBIS, Families in British India Society) என்பேன்.

பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேடுவதற்காக 1998இல் தொடங்கிய சங்கம் இது. தன்னார்வலர்கள் பழைய பதிவேடுகளை வரிவரியாகப் படித்துத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். தேடுவதற்குக் காசில்லை. குடும்பப் பெயரைக் கொடுத்தால் தேதி, ஊர், ஆவண எண் வரும். அந்த எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ‘என்/2’ (N/2) என்று ஆரம்பித்தால் அது மெட்ராஸ் மாகாணத் தேவாலயப் பதிவு. இங்குள்ள பாதிரிமார்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்க ஃபைண்ட்மைபாஸ்ட் (Findmypast) என்ற வம்சாவளித் தளத்தில் பணம் கட்டவேண்டும். ஒரு மாதத்துக்குக் கட்டினாலே போதும், எண்கள் கையில் இருந்தால் வேலை மளமளவென்று முடியும்.

எங்களுக்குக் கிடைத்த ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயர் இருக்கிறது. தகப்பன் பெயர், படைப்பிரிவு, பதவி எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கிறது. தாயின் பெயர் மட்டும் இல்லை, ‘உள்ளூர்ப் பெண்’ என்பதோடு சரி. எனக்கு நெஞ்சு கொதித்தது. அந்தப் பிள்ளையைப் பெற்று, தமிழ் பேசி வளர்த்தவள் அவள்தானே? இது ஃபிபிஸின் குறையல்ல. அன்று எழுதாமல் விட்டதை இன்று யாரால் தட்டச்சு செய்ய முடியும்?

அதனால் அந்தத் தாய்களைத் தேடுகிறவர்களுக்கு என் யோசனை: ஞானஸ்நானப் பதிவோடு நிற்காதீர்கள், உயில்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் அவற்றின் ஆவண எண் ‘எல்/ஏஜி/34/29’ (L/AG/34/29). தன்னோடு வாழ்ந்த பெண்ணுக்கு வீட்டையோ மாதப் பணத்தையோ எழுதிவைத்தவர்கள் அவள் பெயரையும் எழுதவேண்டியிருந்தது. தகப்பன் சின்ன வயதிலேயே செத்திருந்தால் எழும்பூர் ஆண் அனாதை ஆசிரமத்தையும் விடாதீர்கள். 1789இல் தொடங்கியது, ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஆரம்பத்தில் நடத்தியது. சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் வளர்ந்தார்கள்.

எங்கள் கன்னரின் உயில் இன்னும் அகப்படவில்லை. அதே படைப்பிரிவில் இருந்த மற்றவர்களின் உயில்களை இப்போது ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.