முன் கிராஸ்மெம்பர்: புதுசா, புதுப்பேட்டைப் பழசா?

முன் கிராஸ்மெம்பர் என்பது காரின் முன்பக்க அடியில் குறுக்கே வரும் இரும்புச் சட்டம். ஸ்விஃப்ட் மாதிரி கார்களில் சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்ம், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீரிங் ரேக், எஞ்சினைத் தாங்கும் பின் மவுண்ட் எல்லாம் இந்த ஒரே சட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. துரு தின்றுவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். புதுசு வாங்கலாம், இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையின் பழைய வாகனப் பாகக் கடைகளில் பழசு வாங்கலாம்.

விலை: பழசு நிச்சயம் மலிவு. புதுசுக்கு பில் உண்டு, குறை இருந்தால் திருப்பிக் கேட்கலாம்.

அளவு: புதுசில் துளைகள் நேராக வந்து சேரும். பழசு விபத்து வண்டியில் கழற்றியதென்றால் கண்ணுக்குத் தெரியாத வளைவு இருக்கலாம். போல்ட் துளைகளுக்கு நடுவே இரு பக்கமும் குறுக்காக டேப் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அதை மாட்டினால் எத்தனை முறை வீல் அலைன்மென்ட் பார்த்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஆயுள்: பழசின் வெல்டிங் ஓரங்களில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். பொலபொலவென உதிர்ந்தால் வேண்டாம்.

வேலை: இரண்டுக்கும் ஒன்றுதான். எஞ்சினை மேலிருந்து தாங்கி, ஸ்டீரிங்கை நேராகப் பூட்டிவிட்டுத்தான் சட்டத்தை இறக்கவேண்டும். ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டை வண்டி தரையில் நின்றபிறகே கடைசியாக முறுக்கவேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகி சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இது, பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள்.

கடலோரத்தில் ஓடும், இன்னும் பல வருஷம் வைத்திருக்கப்போகும் காருக்கு புதுசு. சீக்கிரம் கைமாற்றப்போகும் வண்டிக்கு, அளவும் உலோகமும் தேறினால், பழசு போதும். துருப்பிடித்த சட்டத்துக்கு வெல்டிங் ஒட்டு மட்டும் போடாதீர்கள். ஆர்மைப் பிடிக்கும் இடம் வண்டி ஓடும்போது விட்டுப்போனால் சக்கரம் கட்டுக்குள் நிற்காது.