பிரேஸுக்குள் போடும் பெனியன்: பரந்தனில் ஒரு தையல்கடை

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் ஏ35 வீதியில் கொஞ்சத் தூரம் வந்தால் ஒரு வீட்டு விறாந்தையில் இரண்டு தையல் மிசினும் ஒரு ஓவர்லொக்கும் தெரியும், அதுதான். வெளியே தொங்குவதெல்லாம் பள்ளிக்கூடச் சட்டையும் சாரி பிளவுசும். நான் போனது வேறொன்றுக்கு. மகளுக்கு முதுகெலும்பு வளைவு, ஸ்கோலியோசிஸ் என்பார்கள், எக்ஸ்ரேயில் 29 பாகை. கொழும்பில் பிரேஸ் செய்து போட்டாயிற்று, ஆனால் அதற்குள் போட ஒழுங்கான ஒரு உள்ளாடை தேடி எட்டு மாதம் அலைந்தேன்.

பிரேஸைக் காணாதவர்களுக்குச் சொல்கிறேன், கமக்கட்டுக்குக் கிட்டத் தொடங்கி இடுப்பு வரை உடம்பைச் சுற்றி வரும் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு அது. மகளுடையது பொஸ்டன் வகை, பின்பக்கம் திறக்கும், பட்டியை இழுத்துப் பூட்ட இன்னொரு ஆள் வேண்டும், எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். 1972இல் பொஸ்டன் சிறுவர் மருத்துவமனையில் உருவான வகை. பனி கொட்டுகிற ஊரின் சாமானைப் பரந்தன் வெயிலில் நாளுக்கு 18 மணித்தியாலம் போடச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சராசரியாக 13 மணித்தியாலமோ அதற்கு மேலோ போட்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வளைவு 50 பாகைக்குப் போகாமல் நின்றிருக்கிறது. ஆக, கழற்றாமல் இருந்தால்தான் பலன். எங்கள் வீட்டில் அதைக் கழற்ற வைத்ததே உள்ளே போட்ட பெனியன்தான்.

சாதாரணப் பெனியனுக்கு இரண்டு பக்கமும் தையல் வரும், கழுத்தடியில் லேபல் இருக்கும், நீளமும் காணாது. மேலே பிளாஸ்டிக் இறுக்கினால் தையல் தோலில் அச்சுக் குத்திவிடும், பெனியன் ஒரு இடத்தில் சுருண்டால் அந்த மடிப்பு கயிறு மாதிரி வெட்டும். பிரேஸ் கழற்றி அரை மணித்தியாலத்துக்குள் மறைகிற சிவப்பு பரவாயில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், இவளுக்கு அடுத்த நாளும் கிடந்தது. பிராவின் பின் கொளுக்கி இன்னும் மோசம், சரியாக பிரேஸின் மேல் விளிம்புக்குள் மாட்டிக்கொள்ளும். நான் வேர்க்குருப் பவுடர் போடப் போய் அதற்கும் ஏச்சு வாங்கினேன், பவுடர் வேர்வையில் குழைந்து கட்டியாகும், கிறீம் தோலை இளக்கும், இரண்டும் பிரேஸுக்குக் கீழே கூடாது.

பிறகு கனடாவிலிருந்து மச்சாள், பிரேஸுக்கென்றே செய்த பெனியன் இரண்டு அனுப்பினாள். பக்கத் தையலே இல்லாமல் குழாய் மாதிரிப் பின்னிய துணி, தொட்டால் வெண்ணெய். குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் இரண்டை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது? நாளுக்கு மூன்று மாற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், அலசிக் கொடியில் போட்டால் துணி அப்பளம் மாதிரிக் காயும், நாலு மாதத்தில் அந்த வெண்ணெயும் போய்விட்டது. இன்னும் இரண்டு அனுப்பு என்று கேட்க வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் இந்த அக்காவிடம் போனேன். பத்து வருஷம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வெளிநாட்டுக்கு உள்ளாடை தைத்தவர். அவருடைய தம்பிக்கு ஒரு பக்கம் பொய்க்கால். நான் பாதி சொல்லும்போதே, "தையலை வெளிப்பக்கம் வைப்பம். பொய்க்காலுக்குப் போடுற உறையில மூட்டு உள்ளுக்கு இருந்தா தம்பி அண்டைக்கு நடக்கமாட்டான்" என்றார். டொக்டருக்கும் பிரேஸ் செய்தவருக்கும் பிறகு, விளக்கம் சொல்லாமலே விளங்கிக்கொண்ட முதல் ஆள்.

முதல் பெனியன் பிழையாகத்தான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். பிரேஸின் விளிம்பு கமக்கட்டில் உரசாமல் இருக்க மேலே மடித்துவிடும் ஒரு துண்டு வேண்டும். வளைவு வலது பக்கம் என்றதும் அக்கா துண்டையும் வலது பக்கம் வைத்துவிட்டார். மகளின் பிரேஸ் வலது விலாவைத் தள்ளுகிறது, அதற்கு எதிராகப் பிடிக்க இடது கமக்கட்டுக்குள்தான் உயரமாக ஏறுகிறது. அடுத்த முறை பிரேஸோடு கூட்டிப் போனேன், அவர் விளிம்பைச் சுற்றிச் சோக்கால் கோடு போட்டு வெட்டினார், பிறகு பிழையே இல்லை. நீளம் தொடைப் பாதிக்கு வரும், பட்டி பூட்டியதும் கீழே பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கிற மடிப்பெல்லாம் எடுபடும். நெஞ்சுப் பக்கம் துணி இரட்டை, அதனால் பிராவே தேவையில்லை, கொளுக்கிப் பிரச்சினையும் ஒழிந்தது. துணி கொழும்பிலிருந்து கிலோக் கணக்கில் எடுக்கும் தொழிற்சாலை மிச்சம், கொட்டனில் கொஞ்சம் லைக்ரா கலந்தது. நிறம் தோல் நிறம். நான் வெள்ளை கேட்டேன், வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைதான் அப்படியே தெரியும் என்று அவர்தான் மறுத்தார், சரியாகத்தான் இருந்தது.

ஜங்கி விஷயம் யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் பிரேஸுக்கு உள்ளே போட்டோம், அது பெரிய பிழை, இடுப்பு இலாஸ்டிக் பிளாஸ்டிக்குக்குக் கீழே அமுங்கிக் கிடக்கும், பாத்ரூம் போக முழுப் பிரேஸையும் கழற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் யார் திரும்பப் பூட்டிவிடுவது? பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்ததை ரீச்சர் சொல்லித்தான் அறிந்தேன், இப்போதும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஜங்கியைப் பிரேஸுக்கு மேலே போட வேண்டும், அதற்கு இரண்டு சைஸ் பெரிதாக, மெல்லிய அகல இலாஸ்டிக்கோடு, இடுப்பு உயர்த்தித் தைத்தது வேண்டும். அக்கா தைத்தது அப்படித்தான், குந்தியிருக்கும்போது பிரேஸின் முன்விளிம்பில் சிக்காமல் இறங்குகிறது. மாத நாட்களுக்கென்று அடித்துணி அகலம் கூட்டி மூன்று தனியாகத் தைத்தோம்.

பெனியன் 900 ரூபாய், ஜங்கி 350. கழுத்துப் பட்டி மூன்று மாதத்தில் தளர்கிறது, இரண்டு முறை சொல்லியும் மாற்றவில்லை. புதன்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்க ஒரு திரைச்சீலை மட்டும்தான், அதுவும் வீதியைப் பார்த்து, மகள் முதல் நாள் மூஞ்சையை நீட்டிக்கொண்டு நின்றாள். போன மாதக் கணக்கில் நாளுக்கு 16 மணித்தியாலம் போட்டிருக்கிறாள், முந்தி 9க்கு மேல் போனதில்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

போகிறவர்கள் பிள்ளையைப் பிரேஸோடு கூட்டிப் போங்கள், அளவைப் போனில் சொன்னால் எடுக்கமாட்டார். தை மாதம் போக வேண்டாம், பள்ளிக்கூடச் சட்டைக் கும்பல் முடியும் வரை அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.