டர்போ ஆயில் பைப்: கம்பெனி இரும்புக் குழாயா, கடையில் செய்யும் ஹோஸா?

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் எங்கள் ஆறு சக்கர லாரியில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் பைப் கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் கசியத் தொடங்கியது. பழைய பைப்பையே பற்றவைத்துப் போடலாம். செம்புக் குழாயை வளைத்துக்கொள்ளலாம். கம்பெனி இரும்பு பைப் வாங்கலாம். ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் அளவு கொடுத்துக் கம்பிவலை ஹோஸ் செய்துகொள்ளலாம். வீட்டு வாசலிலேயே இந்த வேலையைச் செய்ய நினைப்பவர் இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இங்குக் கேள்வி.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் சுற்று சுழலக்கூடியது. அது பேரிங்குக்குள் மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்தபடியே சுழல்கிறது என்பதால், ஆயில் வரத்து சிறிது நேரம் தடைப்பட்டாலே பேரிங் தேய்ந்துவிடும். ஆகவே பைப்பில் மிச்சப்படுத்தும் பணத்தை டர்போவின் விலையோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு வழிகளையும் நான் உடனே ஒதுக்கிவிட்டேன். சூடான எஞ்சினை உடனே அணைக்கும்போதெல்லாம் பைப்பில் தங்கும் ஆயில் வெந்து கரியாகப் படியும். வெளியே பற்றவைப்பதால் உள்ளே இருக்கும் கரி போய்விடாது, பின்னர் அது பெயர்ந்து பேரிங்குக்கே போகவும் கூடும். செம்பு எளிதில் வளையும் என்றாலும், எஞ்சின் அதிர்வில் நாளடைவில் இறுகி, கழுத்துப் பகுதியில் வெடிக்கும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். ஹோஸுக்குச் சாதகமானவை பல: அன்றே கிடைக்கும், அதிர்வைத் தாங்கும், உப்புக் காற்றில் துருப்பிடிக்காது. துறைமுகச் சாலையில் தேங்கும் உப்புநீர் முன்சக்கரத்திலிருந்து தெறித்துக்கொண்டே இருக்கும் எங்கள் வண்டிக்குக் கடைசிக் காரணம் சிறியதன்று. பழைய இரும்பு பைப்பைத் துரு தின்றதும் ஈரம் தங்கும் கிளாம்ப்புக்கு அடியில்தான். ஆனால் கடையில் ‘ஹோஸ்’ என்று மட்டும் கேட்டால் சாதாரண ஹைட்ராலிக் ரப்பரைக் கொடுத்துவிடுவார்கள். அந்த ரப்பர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே விறைத்து வெடிக்கத் தொடங்கும். பாரத்தோடு ஓடும்போது பக்கத்தில் எஞ்சின் புகையைத் திரட்டி வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் பாயும் புகையோ 600 டிகிரியை எட்டக்கூடியது. அந்தச் சூடான மேனிஃபோல்டின்மேல் ஆயில் பீய்ச்சினால் கேபினுக்கு அடியிலேயே தீப்பிடிக்கும். உள்ளே டெஃப்லான் குழாயும் வெளியே ஸ்டெயின்லெஸ் வலையும் உள்ள ஹோஸ் 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஹோஸ்தான் வேண்டுமென்றால் இதையன்றி வேறெதையும் போடக் கூடாது. அதை வெட்டும்போது உள்ளே விழும் துகள்களைக் காற்றடித்து, டீசலில் கழுவி நீக்கியாக வேண்டும்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு நான் இரும்பு பைப்பையே வாங்கினேன். அதன் உள்விட்டமும் வளைவும் எஞ்சினுக்கு ஏற்றபடி முன்னரே தீர்மானிக்கப்பட்டவை. மேனிஃபோல்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. துருவுக்கு மாற்று உண்டு: கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் பெயின்ட் அடித்து, ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் கிளாம்ப்பைக் கழற்றிப் பார்ப்பது. கிளாம்ப் தொந்தரவு என்று அதை விட்டுவிட்டால், அதிர்வில் புது பைப்பும் உடையும்.

டர்போவிலிருந்து ஆயில் திரும்பிக் கீழே இறங்கும் ரிட்டர்ன் பைப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அதில் அழுத்தம் கிடையாது, ஆயில் தன் எடையால் மட்டுமே எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்குகிறது என்பதால், ஓரிடத்தில் தொய்ந்தாலோ மடிந்தாலோ ஆயில் டர்போவிலேயே தேங்கி, சீலைத் தாண்டி நீலப்புகையாக வெளியேறும். முன்பொரு பட்டறையில் கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிலிக்கான் பசை தடவி அனுப்பினார்கள். பிதுங்கிய பசை பாதித் துளையை அடைத்திருந்ததை நான் கழற்றியபோதுதான் கண்டேன். இங்கே புது கேஸ்கெட்டும், சூடான ஆயிலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் இணைப்பும் தவிர வேறு எதையும் நான் ஏற்பதில்லை.

கடற்காற்று எழுந்தால் மணல் பறக்கும் என்பதால், எஞ்சின் இரவெல்லாம் ஆறியபின் விடியற்காலையில் வேலையைத் தொடங்கி, திறந்த துளைகளைச் சுத்தமான துணியால் மூடிவைத்தேன். போல்ட் நுழையும் பைப் முனையின் இருபுறமும் புதுச் செம்பு வாஷர் வைத்து, பைப்பை மாட்டுவதற்கு முன் டர்போவின் துளையில் புது ஆயிலை ஊற்றினேன். பிறகு ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்து, டீசல் போகாதபடி செய்து, இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவைத்து, ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்த பின்னரே எஞ்சினை ஓடவிட்டேன். சில நிமிடங்கள் ஐடிலில் ஓடிய பிறகு இணைப்புகளைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தால் துடைத்தேன். புதுச்சேரி வரை பாரமேற்றிப் போய்த் திரும்பி, எஞ்சின் ஆறிய பிறகு மறுபடி துடைத்தபோதும் காகிதத்தில் ஆயில் கறை இல்லை.